அட்டவணை எங்கே போயிற்று? மைஎஸ்க்யூஎல் கோப்புகளும் மீட்டெடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தைத் தம் கணினியிலோ சிறிய சர்வரிலோ தாமே பராமரிப்பவர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. அட்டவணை தொலைந்துவிட்ட பதற்றத்தில் வந்திருப்பவர்கள் முதலில் 5ஆம் கேள்வியைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வருவது நல்லது.

1. ஓர் அட்டவணை என்பது வட்டில் ஒரு கோப்புதானா?

மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. ஒவ்வோர் அட்டவணைக்கும் மூன்று கோப்புகள் இருக்கும்: அமைப்பைச் சொல்லும் எஃப்ஆர்எம் கோப்பு, தரவைத் தாங்கும் எம்ஒய்டி கோப்பு, வரிசைகளை விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸைத் தாங்கும் எம்ஒய்ஐ கோப்பு. சர்வரை நிறுத்திவிட்டு இம்மூன்றையும் வேறொரு கணினியின் தரவுத்தளக் கோப்புறையில் போட்டால் அட்டவணை அங்கே எழுந்து நிற்கும். "கோப்பை நகலெடுத்தால் போதும்" என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து வந்தது. இன்றைய இழப்புகளில் பலவற்றுக்கு அதுவே காரணம்.

இன்று வழக்கிலிருப்பது இன்னோடிபி. பின்லாந்தைச் சேர்ந்த ஹெய்க்கி டூரி உருவாக்கிய இந்தச் சேமிப்புப் பொறியை, அவருடைய இன்னோபேஸ் நிறுவனத்தோடு சேர்த்து 2005இல் ஆரக்கிள் வாங்கியது. 2010இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் 5.5 முதல் இதுவே இயல்புநிலைப் பொறி. இதில் ஓர் அட்டவணைக்கு ஓர் ஐபிடி கோப்பு இருக்கும், 5.6 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இயல்புநிலையாகிவிட்டது. அதற்கு முன்பு எல்லா அட்டவணைகளின் தரவும் ஐபிடேட்டா1 என்ற ஒரே பொதுக் கோப்பில் கலந்து கிடந்தன. ஆனால் ஐபிடி கோப்பு தன்னந்தனியே ஓர் அட்டவணை ஆகாது. அந்தக் கோப்பு, அது இன்ன பெயருடைய அட்டவணைக்குரியது என்று குறித்து வைத்திருக்கும் அகராதி, இன்னும் கோப்புக்கு வந்து சேராத மாற்றங்களைச் சுமக்கும் ரீடூ லாக் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் சர்வர் அதை அட்டவணை என்று ஏற்கும். "தொலைந்த அட்டவணை" என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த ஒப்பந்தம் முறிந்ததால் வந்தவையே தவிர, தரவு அழிந்ததால் வந்தவை அல்ல.

2. ஐபிடி கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தொடர்ந்து வாசிக்கக்கூடிய பட்டியல் அல்ல அது. கோப்பு முழுவதும் 16 கிலோபைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். 64 பக்கங்கள் சேர்ந்து ஒரு மெகாபைட்டு கொண்ட ஒரு தொகுதி ஆகும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியாக 38 பைட்டுகளும் கடைப்பகுதியாக 8 பைட்டுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. பக்கம் சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சரிபார்ப்பு எண், பக்கத்தின் வரிசை எண், அது கடைசியாக மாற்றப்பட்ட தருணத்தைக் குறிக்கும் லாக் எண் ஆகியவை அங்கே இருக்கும்.

அட்டவணையின் வரிசைகள், ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியின் ஒழுங்கில் ஒரு பி-மரமாக அடுக்கப்படுகின்றன. மரத்தின் இலைப் பக்கங்களில்தான் முழு வரிசையும் இருக்கும்; மேலுள்ள பக்கங்கள் வழிகாட்டிகள் மட்டுமே. இன்டெக்ஸ் பக்கம் ஒவ்வொன்றிலும் அந்த இன்டெக்ஸின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு, பக்கத்தின் கீழெல்லையையும் மேலெல்லையையும் குறிக்க "இன்ஃபிமம்", "சுப்ரீமம்" என்ற இரண்டு சொற்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்தச் சொற்கள் பின்னால் 7ஆம் கேள்வியில் பெரிதும் உதவப்போகின்றன.

3. அட்டவணையின் பெயரும் நெடுவரிசைகளும் எங்கே குறிக்கப்பட்டுள்ளன?

இதற்கான விடை பதிப்பைப் பொறுத்தது. மைஎஸ்க்யூஎல் 5.7 வரையிலும், மரியாடிபியில் இன்றும், அமைப்பு இரண்டு இடங்களில் பதிவாகிறது: சர்வருக்காக எஃப்ஆர்எம் கோப்பில் ஒரு முறை, இன்னோடிபிக்காக ஐபிடேட்டா1 கோப்பினுள் இருக்கும் அகராதியில் மற்றொரு முறை. ஒரே செய்தியை இரண்டு கணக்கர்கள் தனித்தனிப் பேரேடுகளில் எழுதினால் என்றாவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது என்பதை எந்த வணிகரும் சொல்வார்.

2018இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல் 8.0 இந்த இரட்டைப் பதிவை ஒழித்தது. எஃப்ஆர்எம் கோப்புகள் நீக்கப்பட்டு, மைஎஸ்க்யூஎல்.ஐபிடி என்ற ஒரே கோப்பில் பொது அகராதி அமைக்கப்பட்டது. மீட்புப் பணிக்கு இன்னும் பயனுள்ள மாற்றமாக, ஒவ்வோர் ஐபிடி கோப்பும் தன் அட்டவணையின் அமைப்பைத் தன்னுள்ளேயே ஒரு நகலாகச் சுமக்கத் தொடங்கியது. அந்த நகலை வெளியே எடுப்பதற்கு ஐபிடி2எஸ்டிஐ என்ற கருவி சர்வருடனேயே வருகிறது. எனவே 8.0இல் வேறு எதுவும் இல்லாமல் ஓர் ஐபிடி கோப்பு மட்டும் கையில் கிடைத்தாலும், அதன் நெடுவரிசைகள் எவை என்பதை அதுவே சொல்லிவிடும்.

4. டிலீட், ட்ரங்கேட், டிராப் ஆகிய மூன்றுக்கும் வட்டில் என்ன வேறுபாடு?

டிலீட் கட்டளை எதையும் உடனே துடைப்பதில்லை. வரிசையின் தலைப்பில் ஒரேயொரு பிட்டை மாற்றி, "அழிக்கப்பட்டது" என்று குறியிடுகிறது. அந்தப் பழைய வரிசை இனி எந்தப் பரிவர்த்தனைக்கும் தேவைப்படாது என்று உறுதியானபின், பின்னணியில் இயங்கும் பர்ஜ் என்ற துப்புரவுப் பணி அதைக் கழற்றி, அந்த இடத்தைக் காலியிடப் பட்டியலில் சேர்க்கிறது. அப்போதும் பைட்டுகள் அங்கேயேதான் கிடக்கும். புதிய வரிசை வந்து அமரும்போதுதான் அவை மறையும். கோப்பின் அளவும் குறையாது. பத்து லட்சம் வரிசைகளை அழித்தும் வட்டில் இடம் வரவில்லை என்று குழம்புபவர்களுக்கு விடை இதுவே. ஆப்டிமைஸ் டேபிள் கட்டளை கொடுத்து அட்டவணையை மறுபடி கட்டினால்தான் கோப்பு சுருங்கும். அழித்தவற்றைத் திரும்பப் பெற நினைப்பவர் அந்தக் கட்டளையின் பக்கமே போகக்கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ட்ரங்கேட் என்பது அட்டவணையை நீக்கிவிட்டு அதே பெயரில் வெற்று அட்டவணையைப் படைப்பதற்கு நிகர். டிராப் கட்டளையோ ஐபிடி கோப்பையே நீக்கும்படி இயக்கு தளத்திடம் சொல்லிவிடுகிறது. அதன்பின் தரவு தரவுத்தளத்தின் ஆட்சியில் இல்லை, கோப்பு முறைமையின் ஆட்சியில் இருக்கிறது.

5. அட்டவணை தொலைந்ததை உணர்ந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த வட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். எதை எப்படி நிறுத்துவது என்பதுதான் சூழ்நிலைக்கேற்ப மாறும்.

சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போது எவரோ வெளியிலிருந்து கோப்பை நீக்கியிருந்தால் சர்வரை நிறுத்தவே கூடாது. காரணம் அடுத்த கேள்வியில் உள்ளது. டிராப் அல்லது ட்ரங்கேட் கட்டளையால் தொலைந்திருந்தால், சர்வரை உடனே நிறுத்தி, அந்த வட்டை வாசிப்பு மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாற்றி, அதன் முழுப் பிம்பத்தை, அதாவது ஒரு பைட்டும் விடாத நகலை, வேறொரு வட்டுக்கு எடுக்க வேண்டும். எல்லா முயற்சிகளும் அந்தப் பிம்பத்தின் மீதே நடக்க வேண்டும். மீட்புக் கருவியை அதே வட்டில் பதிவிறக்கி நிறுவுவதும், "மறுபடி நிறுவிப் பார்ப்போம்" என்று மைஎஸ்க்யூஎல்லைப் புதிதாக நிறுவுவதும், மீட்கப்பட வேண்டிய பக்கங்களின் மீதே புதுக் கோப்புகளை எழுதுவதில் முடியலாம்.

திடநிலை வட்டுகளில் அவசரம் இன்னும் கூடுதல். நீக்கப்பட்ட கோப்பின் இடங்களை டிரிம் கட்டளை மூலம் இயக்கு தளம் வட்டுக்குத் தெரிவித்துவிட்டால், அவ்விடங்களை வாசித்தால் பெரும்பாலும் பூச்சியங்களே கிடைக்கும். பல லினக்ஸ் விநியோகங்களில் இந்த டிரிம் வேலை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதை முதல் வேலையாக நிறுத்த வேண்டும்.

6. ஐபிடி கோப்பைத் தவறுதலாக ஆர்எம் கட்டளையால் நீக்கிவிட்டேன். ஆனால் இணையதளம் இன்னும் வேலை செய்கிறது. எப்படி?

லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஆர்எம் கட்டளை நீக்குவது கோப்புறையில் உள்ள பெயரை மட்டுமே. ஏதேனும் ஒரு செயல்முறை அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் உள்ளடக்கம் முழுமையாக இருக்கும். கடைசிப் பிடி விடுபட்டபின்தான் இடம் விடுவிக்கப்படும். சர்வர் அந்தப் பிடியை விடாமல் வைத்திருப்பதால்தான் தளம் ஒன்றும் நடவாதது போல் ஓடுகிறது.

இந்த நேரத்தில் சர்வரை மறுதொடக்கம் செய்பவர், கயிற்றில் தொங்குபவரின் கயிற்றைத் தாமே அறுக்கிறார். மாறாக, செயலிகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, தரவைக் கட்டளைகள் கொண்ட உரைக்கோப்பாக (டம்ப்) எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவி மூலம் அந்த அட்டவணையை வேறு வட்டுக்கு உடனே ஏற்றுமதி செய்து பார்க்க வேண்டும். பல சமயம் அதுவே வெற்றி பெற்றுவிடும். அது நடக்காவிட்டால், ப்ராக் கோப்புறையில் மைஎஸ்க்யூஎல் செயல்முறை எண்ணின் கீழ் உள்ள எஃப்டி என்ற உட்கோப்புறையில், திறந்திருக்கும் கோப்புகள் எண்களாகத் தெரியும். நீக்கப்பட்டவற்றின் அருகே அவ்வாறே குறிப்பு இருக்கும். அந்த எண்ணை ஒரு கோப்பைப் போலவே நகலெடுத்துக்கொள்ளலாம். நகலெடுக்கும் போது சர்வர் அதில் எழுதிக்கொண்டிருந்தால் நகல் முரண்பட்டிருக்கும் என்பதால்தான் முதலில் எழுத்தை நிறுத்தச் சொல்கிறோம்.

7. டிராப் டேபிள் கொடுத்துவிட்டேன், காப்புநகலும் இல்லை. ஏதேனும் வழி உண்டா?

உண்டு, ஆனால் உறுதி இல்லை. டிராப் கட்டளையின்போது சர்வர் தன் பிடியையும் விட்டுவிடுவதால் முந்தைய கேள்வியின் வழி இங்கே பயன்படாது. லினக்ஸில் பரவலான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், நீக்கப்பட்ட கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே இருந்தன என்ற வரைபடமும் அழிக்கப்படுகிறது. தரவுத் துண்டுகள் அங்கேயே கிடக்கும், அவற்றைக் கோத்த நூல் மட்டும் இருக்காது.

இங்கேதான் இன்னோடிபியின் பக்க அமைப்பு கைகொடுக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தன் எண்ணையும், தான் எந்த இன்டெக்ஸுக்கு உரியது என்பதையும் தானே சொல்வதால், கோப்பு முறைமையின் உதவி இல்லாமலே வட்டின் பிம்பம் முழுவதையும் அலசி, இன்ஃபிமம், சுப்ரீமம் சொற்கள் உரிய இடத்தில் இருக்கும் பக்கங்களைப் பொறுக்கி, இன்டெக்ஸ் எண் வாரியாகப் பிரித்து வைக்க முடியும். அன்ட்ராப்-ஃபார்-இன்னோடிபி என்ற திறமூலக் கருவித்தொகுப்பு செய்வது இதைத்தான். அதில் ஸ்ட்ரீம் பார்சர் என்ற நிரல் பக்கங்களைப் பொறுக்குகிறது. சி பார்சர் என்ற நிரல், அட்டவணையின் அமைப்பை நாம் கொடுத்தால், பக்கங்களிலிருந்து வரிசைகளைப் பிரித்தெடுக்கிறது. டிலீட் செய்யப்பட்டு இன்னும் மேலெழுதப்படாத வரிசைகளையும் இது தேடித் தரும்.

அமைப்பு துல்லியமாகத் தெரிந்திருப்பது இங்கே உயிர்நாடி. நெடுவரிசைகளின் வரிசையோ வகையோ சற்றுப் பிசகினாலும் கிடைப்பது குப்பைதான். ஆகவே, செயலியின் மூலநிரலில் உள்ள அட்டவணை உருவாக்கக் கட்டளையையோ, பழைய டம்ப் கோப்பு ஒன்றையோ தேடிப் பிடிக்க வேண்டும். நீளமான உரைகளும் படங்களும் வரிசையோடு இல்லாமல் தனிப் பக்கங்களில் வைக்கப்படுவதால், அவற்றில் பாதி கிடைத்துப் பாதி கிடைக்காமல் போவது வழக்கம்.

8. ஐபிடி கோப்பு பத்திரமாக இருக்கிறது, சர்வர்தான் போய்விட்டது. அதைப் புதிய சர்வரில் எப்படி ஏற்றுவது?

தொலைந்த நிலைகளில் இதுவே மிகவும் நல்ல நிலை. புதிய சர்வரில் அதே அமைப்பில் வெற்று அட்டவணையை உருவாக்கி, ஆல்டர் டேபிள் கட்டளையின் டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ் வடிவத்தால் அதன் வெற்றுக் கோப்பைக் கழற்றிவிட வேண்டும். பழைய ஐபிடி கோப்பை அந்த இடத்தில் வைத்து, மைஎஸ்க்யூஎல் பயனரை அதற்கு உரிமையாளராக்கி, இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ் கொடுக்க வேண்டும். அமைப்பு விவரங்களைத் தாங்கும் சிஎஃப்ஜி கோப்பு இல்லை என்று எச்சரிக்கை வந்தால் கலங்க வேண்டியதில்லை; அது இல்லாமலும் இறக்குமதி நடக்கும்.

அமைப்பு பொருந்தவில்லை என்று பிழை வந்தால், முதலில் வரிசை வடிவத்தைச் சந்தேகிக்கலாம். 5.6இல் இயல்புநிலை வடிவம் காம்பாக்ட், 5.7இல் அது டைனமிக் ஆகிவிட்டது. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் ஏற்றும்போது அட்டவணையை உருவாக்கும் கட்டளையிலேயே வடிவத்தைக் காம்பாக்ட் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். இயன்றவரை பழைய சர்வரின் அதே பதிப்பை நிறுவி, அங்கே ஏற்றி, டம்ப் எடுத்து நகர்வதே பாதுகாப்பானது.

9. எக்ஸாம்பில் தரவுத்தளக் கோப்புறையை நகலெடுத்து வைத்தேன். அட்டவணைப் பெயர்கள் தெரிகின்றன, ஆனால் "எஞ்சினில் அட்டவணை இல்லை" என்று பிழை வருகிறது. ஏன்?

மாணவர்களிடமிருந்து மிகுதியாக வரும் கேள்வி இது. சொந்தக் கணினியில் இணையதளம் உருவாக்கிப் பார்ப்பதற்கான எக்ஸாம்ப் தொகுப்பில் இன்று இருப்பது மரியாடிபி. பெயர்கள் தெரிவதற்குக் காரணம் எஃப்ஆர்எம் கோப்புகள்; அவை கோப்புறையோடு வந்துவிட்டன. ஆனால் இன்னோடிபியின் சொந்த அகராதி வெளியே, டேட்டா கோப்புறையின் ஐபிடேட்டா1 கோப்பில் இருக்கிறது. அதை நகலெடுக்காததால், வாசலில் பெயர்ப்பலகை இருந்தும் உள்ளே வீடு இல்லாத நிலை.

பழைய டேட்டா கோப்புறை முழுமையாக இருந்தால், சர்வரை நிறுத்திவிட்டு அதே பதிப்பின் எக்ஸாம்பில் அதை முழுமையாக வைப்பதே நேரான வழி. அது இல்லையெனில் முந்தைய கேள்வியில் சொன்ன இறக்குமதி முறையை அட்டவணை அட்டவணையாகச் செய்ய வேண்டியதுதான். "மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றது" என்ற செய்தி வந்தவுடன் பேக்கப் என்ற கோப்புறையின் உள்ளடக்கத்தை அப்படியே டேட்டா கோப்புறையின் மேல் ஒட்டுபவர்களும் உண்டு. அந்தக் கோப்புறையில் இருப்பது உங்கள் தரவின் காப்புநகல் அன்று. நிறுவியபோது இருந்த வெற்று நிலை. அதிலுள்ள ஐபிடேட்டா1 உங்களுடையதை மேலெழுதிவிட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும். எதைச் செய்வதற்கும் முன் டேட்டா கோப்புறையின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

10. மின்தடைக்குப்பின் சர்வர் தொடங்கவே மறுக்கிறது. ரீடூ லாக் கோப்புகளை நீக்கினால் சரியாகுமா?

நீக்காதீர்கள். பெயரில் "லாக்" என்று இருப்பதால் அது வெறும் நிகழ்ச்சிக் குறிப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உறுதி செய்யப்பட்ட பரிவர்த்தனைகள் முதலில் அங்கேதான் எழுதப்படுகின்றன. ஐபிடி கோப்புக்கு அவை பின்னரே வந்து சேரும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்திலும் இதே தவறு அடிக்கடி நடந்ததால், பிஜி_எக்ஸ்லாக் என்ற கோப்புறையின் பெயரை 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பிஜி_வால் என்றே மாற்றிவிட்டார்கள்.

மின்தடையின்போது 16 கிலோபைட்டுப் பக்கம் ஒன்று பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோனால் அதைச் சரிசெய்வதற்கு டபுள்ரைட் என்ற ஏற்பாடு இன்னோடிபியில் உண்டு: எந்தப் பக்கமும் முதலில் வேறோர் இடத்தில் முழுமையாக எழுதப்பட்டு, பிறகுதான் தன் இடத்துக்குப் போகும். எனவே பெரும்பாலான மின்தடைகளிலிருந்து சர்வர் தானாகவே எழுந்துவிடும். எழாதபோது, முழுக் கோப்புறையையும் நகலெடுத்துவிட்டு, அமைப்புக் கோப்பில் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி என்ற மதிப்பை 1 முதல் ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்கலாம். சர்வர் எந்த மதிப்பில் தொடங்குகிறதோ அந்த நிலையிலேயே டம்ப் எடுத்து, புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். 3 வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு; 4 முதல் 6 வரையிலான மதிப்புகள் தரவுக் கோப்புகளையே நிலையாகச் சிதைக்கக்கூடியவை என்பதால் அவற்றை நகலின் மீது மட்டும் முயல வேண்டும். இந்த முறையில் எழுந்த சர்வரை அப்படியே தொடர்ந்து ஓட்டுவது மீட்பு ஆகாது.

11. எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனையை மறந்து அப்டேட் கொடுத்துவிட்டேன். அட்டவணை இருக்கிறது, உள்ளடக்கம்தான் போய்விட்டது.

தரவில் நடக்கும் மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் பின்லாக் இயங்கிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0இல் அது இயல்பாகவே இயங்கும், 30 நாள் வரை வைத்திருக்கப்படும், 5.7இல் நாமாக இயக்கியிருக்க வேண்டும். பழைய முழுக் காப்புநகல் ஒன்று இருந்தால், அதை வேறிடத்தில் ஏற்றி, மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால் அன்று முதல் அந்தத் தவறான கட்டளைக்குச் சற்று முன் வரையிலான மாற்றங்களை மட்டும் ஓட்டலாம். நேரத்தைக் கொண்டு நிறுத்துவதைவிட, லாக்கில் உள்ள நிலையெண்ணைக் கொண்டு நிறுத்துவது துல்லியமானது. ஒரே நொடியில் பல பரிவர்த்தனைகள் நடந்திருக்கும்.

காப்புநகல் இல்லாவிட்டாலும், பின்லாக் கட்டளைகளாக அல்லாமல் வரிசை வடிவில், வரிசைகளின் முழுப் பிம்பத்தோடு எழுதப்பட்டிருந்தால் மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகள் அதிலேயே இருக்கும். மரியாடிபியின் பின்லாக் கருவியில் உள்ள ஃப்ளாஷ்பேக் விருப்பம் அவற்றைத் தலைகீழாக்கித் தரும். டிராப், ட்ரங்கேட் ஆகியவற்றுக்கு இது உதவாது, ஏனெனில் அக்கட்டளைகள் பின்லாக்கில் வெறும் வாக்கியமாகவே பதிவாகின்றன.

12. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகியவற்றிலும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் பக்கம் 8 கிலோபைட்டு. கோப்புப் பெயர் வெறும் எண். ஒரு கிகாபைட்டைத் தாண்டினால் அடுத்த துண்டு தொடங்கும். எந்த எண் எந்த அட்டவணை என்பது பிஜி_கிளாஸ் என்ற அகராதி அட்டவணைக்கே தெரியும். அழிக்கப்பட்ட வரிசைகள் வாக்குவம் என்ற துப்புரவுப் பணி வரும்வரை இருக்கும் என்பதால் தானியங்கி வாக்குவத்தை உடனே நிறுத்துவது அங்கே முதலுதவி. எஸ்க்யூலைட்டில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, அகராதி அதன் முதல் பக்கத்தில். சிதைந்த கோப்பிலிருந்து கிடைத்ததை எடுத்துத் தர அதன் கட்டளைவரிக் கருவியில் ரெகவர் கட்டளை உண்டு. பெயர் "வால்" (wal) என்று முடியும் துணைக்கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

13. தினமும் காப்புநகல் எடுக்கிறோம். இவையெல்லாம் எங்களுக்கு எதற்கு?

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுக் கோப்புறையை நீக்கினார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே மிஞ்சியது. அன்றாடக் காப்புநகலைத் தேடியபோது, டம்ப் கருவியின் பதிப்பு 9.2ஆகவும் தரவுத்தளம் 9.6ஆகவும் இருந்ததால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் எவரையும் சென்றடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த வட்டுப் பிம்பம்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவற்றையெல்லாம் நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. உங்கள் காப்புநகலை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்த தேதி நினைவில் இருக்கிறதா என்பதே இந்தக் கேள்விக்கு எங்கள் எதிர்க்கேள்வி.

14. மீட்ட அட்டவணையை உடனே பயன்பாட்டுக்கு விடலாமா?

முதலில் செக் டேபிள் ஓட்டி, பிறகு டம்ப் எடுத்துப் புதிய அட்டவணையில் ஏற்ற வேண்டும். பக்க மீட்பில் கிடைத்த தரவாக இருந்தால், ஒரே வரிசையின் பழைய வடிவமும் புதிய வடிவமும் இரண்டும் வந்திருக்கலாம். முதன்மைச் சாவி மோதும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பிற அட்டவணைகள் சுட்டும் வரிசைகள் இல்லாமல் போயிருக்கின்றனவா என்றும் தேட வேண்டும். கடைசியாக, தானே ஏறும் எண்ணை மீட்ட வரிசைகளின் உச்ச எண்ணைவிடப் போதிய இடைவெளி விட்டு உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் மீட்க முடியாமல் போன ஒரு பழைய ரசீதின் எண் நாளை வரும் புதிய வாடிக்கையாளருக்குக் கிடைத்துவிடும்.